எடுக்கப்படாத அனுமதி

அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஆஸ்பத்திரியில்கூட அதிகம் பேர் இல்லை. எல்லோருக்கும் அவள் பிழையக்கா. ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை. பைகளை வாங்கிச் சோதித்து, குளிர்பெட்டியில் அடுக்கி, வார்டிலிருந்து ஆள் வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கையிருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் வந்தபோது, அதில் தப்பு கண்டுபிடிப்பது அவளுக்கு முதலில் எரிச்சலாகவும் பிறகு பழக்கமாகவும் ஆனது. திறமூல மென்பொருள் அது. ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்காமல் பலர் சேர்ந்து எழுதுவது. மென்பொருளை இயக்கும் நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கும். தப்பைக் கண்டால் யாரும் எழுதிப் போடலாம். அவள் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவு குறை சொல்றவ, திருத்தவும் கத்துக்கலாமே?" என்று அந்த அமைப்பை நடத்தியவர் ஒருநாள் பதில் எழுதினார். சிடுமூஞ்சி என்றால்தான் அவரைத் தெரியும். வீம்புக்காகவே கற்றுக்கொண்டாள். யாரையும் கேட்காமல் நேரடியாக நிரலில் எழுதும் அனுமதியைச் சில வருஷங்களில் அவரே தந்தார். அது லேசில் கிடைக்கிற சமாசாரம் இல்லை.

பிறகு அமைப்பு உடைந்தது. எந்தத் திருத்தம் எப்போது வெளியாவது என்பதைச் சிடுமூஞ்சி ஒருவரே தீர்மானிப்பதா, ஓட்டுப் போடுவதா என்று ஆரம்பித்த பேச்சு, நீ பெரியவனா நான் பெரியவனா என்று முற்றிவிட்டது. கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருத்தி, எல்லோருக்கும் டீச்சர், பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். அதே நிரலைப் பிரதி எடுத்துப் புது அமைப்பு தொடங்கினாள். திறமூலத்தில் இது திருட்டு ஆகாது. ஆனாலும் "போனவங்க போனவங்கதான்" என்று சிடுமூஞ்சி ஊரறிய எழுதினார். பிழையக்கா போனவர்களில் ஒருத்தி. ஓட்டுதான் நியாயம் என்று நம்பிப் போனாள்.

அதற்கப்புறம் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. உயிர் சம்பந்தப்பட்ட ஓட்டை என்றால் எதிர்த்தரப்பிடமும் ரகசியமாகச் சொல்லி, இருவரும் ஒரே நாளில் அடைப்பதுதான் இந்த உலகத்து வழக்கம். அந்த வழக்கமும் அறுந்து போயிருந்தது.

இந்த நிலையில்தான் அவள் அதைக் கண்டாள். ஒரு ரத்த வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பை மாறும்போது, மென்பொருள் அதன் ஆயுளைப் புதிதாக எண்ண ஆரம்பித்தது. பிளேட்லெட் எனும் தட்டணுப் பையின் ஆயுள் சில நாள்தான். கெட்டுப்போன பை திரையில் பச்சையாக, கொடுக்கலாம் என்று நின்றது. நல்லவேளையாகக் கையில் எடுத்தபோது பையின் மேலிருந்த தேதியைப் பார்த்துவிட்டாள். எல்லோரும் பார்ப்பார்களா? உடைவதற்கு முன்பே எழுதப்பட்ட பகுதி அது. அப்படியென்றால் இரண்டு தரப்பிலும் அதே ஓட்டை.

அவள் விஷயத்தைச் சொன்னதும், புதன்கிழமை காலை டீச்சர் எல்லோரையும் தொலைபேசியில் கூட்டினாள். ஒரு மாவட்டத்து ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் எந்த மென்பொருள் என்ற முடிவு வெள்ளிக்கிழமை வர இருந்தது.

"நாம அடைச்சுடுவோம். அவங்களுக்கு வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லுவோம்" என்றாள் டீச்சர்.

"அதுவரைக்கும் அவங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்க?"

"ரெண்டு நாள்தானே பிழையக்கா. போன தடவை அவங்க கண்டுபிடிச்சதை நமக்கு எப்போ சொன்னாங்க? பேப்பர்ல படிச்சுத்தானே தெரிஞ்சுகிட்டோம்!"

ஓட்டு எடுத்தார்கள். பிழையக்கா தோற்றாள். ஓட்டு வேண்டும் என்று சண்டை போட்டு வந்தவள், ஓட்டின் முடிவை மீற முடியுமா? வாயை மூடிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். துணி உலர்த்திவிட்டு வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, கப்பல் கவுந்துடுச்சா?"

"ஒண்ணுமில்லைங்க."

"உன்னோட ஒண்ணுமில்லைக்குத்தான் நான் ரொம்ப பயப்படறது" என்று காலி வாளியோடு உள்ளே போனார்.

தன் அமைப்பின் நிரலில் திருத்தத்தை எழுதி முடித்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய அமைப்பின் பிரதி திரையில் பக்கத்து ஜன்னலில் திறந்திருந்தது. ஓட்டை உண்மையிலேயே அங்கும் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. திருத்தம் அங்கே பொருந்துமா என்று போட்டுப் பார்த்தாள், பொருந்தியது. பிறகு அனுப்பினாள்.

அனுப்பிய ஜன்னல் பழைய அமைப்பினுடையது.

பதறிப்போய்த் திரையைப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வர வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது. இத்தனை வருஷமாக அவளுடைய அனுமதியை யாரும் எடுக்கவே இல்லை.

சற்று நேரத்தில் டீச்சர் கூப்பிட்டாள். எல்லோர் கண்ணுக்கும் திறந்த நிரல் அல்லவா, ஒளிக்க முடியாதே.

"பிழையக்கா, இது கை தவறினதா, மனசு தவறினதா?"

"கைதான் டீச்சர்." சொல்லும்போதே அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"சரி. அனுமதிதான் இருக்கே, அதே வழியா போய் எடுத்துட்டு வந்துடுங்க. அவர் பார்க்கறதுக்குள்ள."

பிழையக்கா லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். "தெரியாம போட்டது வேற. நம்பி விட்டுவெச்ச வழியில தெரிஞ்சே போய் ஓட்டையைத் திரும்பத் தொறந்துட்டு வர்றது வேற. அதை மட்டும் கேக்காதீங்க."

"ஓட்டுப் போட்டோமே?"

"சொல்லக்கூடாதுன்னு போட்டோம். மீறிட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க."

போனை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, சிடுமூஞ்சியைக் கூப்பிட்டாள்.

"பார்த்துட்டேன்" என்றார் எடுத்த எடுப்பில். "அரைகுறையா இருக்கு."

"என்ன அரைகுறை?"

"போன பை செலவாகாம பழைய எடத்துக்கே திரும்பி வந்தா? அப்பவும் ஆயுள் புதுசாத்தான் ஆரம்பிக்கும். அதை நீ யோசிக்கல. ராத்திரிக்குள்ள நான் சரி பண்ணி வெளியிடறேன்."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அண்ணா, என்னோட அனுமதியை ஏன் இன்னும் எடுக்கல?"

"போனவங்க எல்லாரோடதையும் எடுத்தேன். உன்னுதைத் தேடிப்போய் எடுக்க மனசு வரல. விடு." குரல் கொஞ்சம் தணிந்தது. "அங்க உன்னைத் தாளிச்சுடுவாங்களே. பேசாம இங்க வந்துடேன்."

"உங்ககிட்ட ஓட்டு இல்லையே அண்ணா."

"மறுபடியும் அந்த ஓட்டா!" என்று முனகினார்.

"என் அனுமதியை இப்ப எடுத்துடுங்க" என்றாள் அவள். "ஒரு தடவை தவறின கை. நாளைக்கு யாராவது என்னைத் தப்பா அனுப்புனாலும் கதவு மூடி இருக்கணும்."

தட்டச்சு சத்தம் கேட்டது. நின்றது. "எடுத்துட்டேன்" என்றார்.

மறுநாள் அவளுடைய சொந்த அமைப்பும் ஓட்டெடுத்தது. அவளுடைய எழுதும் அனுமதியை நீக்குவதா வேண்டாமா? நீக்கலாம் என்று சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. நீக்குவது என்று வந்த முடிவை டீச்சரால் முழுசாக வாசிக்க முடியவில்லை. பாதியில் வேறொருவர் வாசித்து முடித்தார். வெள்ளிக்கிழமை மாவட்டம் சிடுமூஞ்சியின் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. அவள் அனுப்பிய திருத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை. அவளிடம் பழையபடி பேச இரண்டு மூன்று பேரால் முடியவில்லை.

முதல் ஓட்டையை டீச்சர் தரப்பும் அடைத்திருந்தது; திரும்பி வந்த பையின் ஓட்டை மட்டும் அவர்கள் நிரலில் இன்னும் அடைபடாமல் கிடந்தது. சனிக்கிழமை அவள் அதை எழுதி, வெளியாள் எவரும் செய்வது போல, பரிசீலனைக்கு விண்ணப்பமாகப் போட்டாள். குறையைக் கண்டவர் பெயரைத் திருத்தத்தோடு குறிப்பது முறை. சிடுமூஞ்சியின் முழுப்பெயரை அங்கே எழுதினாள். பிரிந்த நாளிலிருந்து அந்தப் பெயர் இந்தப் பக்கத்தில் வந்ததே இல்லை.

காலையில் போட்டது மாலைவரை அப்படியே நின்றது. நடுவில் ஒருவர், "இந்தப் பேர் அவசியமா?" என்று கேட்டு எழுதினார். "கண்டது அவர்தான்" என்று மட்டும் பதில் போட்டாள். கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

விளக்குப் போடும் நேரத்தில் டீச்சர் அதைத் திறந்து பார்த்திருக்கிறாள் என்று திரையில் தெரிந்தது. ஒரு கேள்வியும் வரவில்லை. ஒரு வரியையும் மாற்றவில்லை. பெயரோடு அப்படியே ஏற்றுக்கொண்டாள்.