மாடிக்குத் தெரிகிற தோள்

காலை பத்தரைக்குச் செய்தி வந்தபோது எர்லீன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். லுவீனியா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று தொலைபேசியில் சொன்னது யார் என்பதுகூட அவள் மனதில் நிற்கவில்லை. மடியில் கிடந்த ஊதா கவுன் லுவீனியாவுடையது. ஞாயிற்றுக்கிழமை மேடைக்காகத் தைத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் லுவீனியா பாடத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தைப்பவள் எர்லீன். முதல் கவுனுக்கு நெஞ்சிலும் கீழ்விளிம்பிலும் பாசிமணி வைத்துத் தைத்துக் கொண்டுபோனாள். லுவீனியா பிரிக்கச் சொல்லிவிட்டாள்.

"அடியே, இதெல்லாம் கீழ உக்காந்திருக்கிற வெள்ளைக்காரனுக்குத் தெரியும். நம்ம கறுப்புச் சனத்தை மாடிக்கில்ல ஏத்தி விடுறானுங்க? அங்கேருந்து பாத்தா என் தோளும் உச்சந்தலையும்தான். தோள்ல தை."

"உச்சந்தலைக்கு என்னக்கா பண்றது?"

"எண்ணெய் தடவிக்கறேன், போ."

ஒருநாள் மாடியில் நிற்க இடமில்லை. கீழே பாதி நாற்காலிகள் காலி. லுவீனியா பாட்டை நடுவில் நிறுத்தினாள். "எறங்கி வாங்க எல்லாரும். அதுவரைக்கும் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

அரங்க முதலாளி ஓடி வந்தார். "பாட்டு மேலயும் ஒண்ணுபோலத்தானே கேக்குது, லுவீனியா?"

"அப்போ நீங்க மேல போய்க் கேளுங்களேன், ஐயா."

அன்று யாரையும் இறங்க விடவில்லை. அவளும் பாடவில்லை. அதற்கப்புறம் வெகுகாலம் வானொலி அவளைக் கூப்பிடவில்லை. உரிமை கேட்கும் ஊர்வலங்களில் பாடினாள், போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் சிறையிலும் பாடினாள்.

சட்டம் மாறி எல்லோரும் கீழே உட்கார்ந்த பிறகும் மணிகள் தோளைவிட்டு இறங்கவில்லை.

"இப்ப மாடில யாருக்கா இருக்கா?"

"டிக்கெட்டு மலிவு அங்கதானேடி. யார் இருப்பான்னு நீயே ஏறிப் பாரு."

மத்தியானம், அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் டாலிவர் வந்தார். "உடுப்பு நாலு மணிக்குள்ள வேணும், எர்லீன். பெட்டியைத் தொறந்துதான் வைக்கிறோம். சனம் வரிசையா வந்து குனிஞ்சு பாக்கும்."

எர்லீன் கவுனை விரித்துப் பார்த்தாள். "அப்போ எல்லாருமே மாடிதான்" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நாலு மணிக்கு வாங்க."

அவர் போனதும் தைக்க உட்கார்ந்தாள். நூல் ஊசிக்காதில் நுழையாமல் தவறிக்கொண்டே இருந்தது. நாலு மணிக்கு டாலிவர் கவுனை வாங்கிக்கொண்டு போனார். வலது தோள் நிறைய மணிகள். இடது தோளில் இரண்டு வரிசைதான் முடிந்திருந்தது.