ஞாயிறு மட்டும் குளிர்ந்த வடக்குப்பட்டு

பூமியின் சூட்டை வானத்திலிருந்து அளந்த பழைய செயற்கைக்கோளின் கணக்கையும், அதற்குப் பின் போன புதியதின் கணக்கையும் பிசிறில்லாமல் ஒட்டி, நீண்ட காலப் பதிவாக்குவது என் வேலை. சம்பந்திச் சண்டையைத் தீர்ப்பதுகூட இதைவிடச் சுலபம்.

பல வருடம் மாரடித்து ஒட்டி முடித்தால், புதுத் தலைவலி. வடக்குப்பட்டில் தரையைப் பார்த்தபடி ஒரு கம்பத்தில் நாங்கள் மாட்டிவைத்த, எதிரே இருப்பதன் சூட்டைத் தொடாமலே அளக்கும் வெப்பமானி, செயற்கைக்கோள்கள் சொன்னதைவிட எப்போதும் குறைவான சராசரியைக் காட்டியது.

"தரை பொய் சொல்லாதுய்யா. மேல உள்ளதைக் குறைச்சிடு" என்றார் மேலதிகாரி, சாம்பாரில் உப்பைக் குறைக்கச் சொல்வதுபோல. குறைத்தால் என் பதிவே அம்போ. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டேன்.

எண்களைக் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் தரையும் வானமும் ஒத்துப்போயின. ஞாயிறு மட்டும் தரை ஜில்லென்று இருந்தது. வார விடுமுறைக்குக் குளிர்கிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது?

ஞாயிறு காலை குன்றத்தூர் வீட்டிலிருந்து வடக்குப்பட்டுக்குப் பைக்கை விரட்டினேன். கம்பத்தின் குறுக்குக் கம்பியில் கம்பெனி யூனிஃபார்ம்கள் வரிசையாகத் தொங்கின. வெப்பமானியின் கண்ணுக்கு நேர் எதிரே ஓர் ஈரப் பேண்ட்.

பக்கத்து வாடகை அறையிலிருந்து, வாளியோடு ஒரு தூத்துக்குடிக்காரர் வந்தார்.

"இது என்னன்னு தெரியுமா தம்பி?" என்றேன், கம்பத்தைக் காட்டி.

"துணி காயப்போடுத கம்பிதானண்ணே? ரூம் பாக்க வந்தப்பவே வீட்டுக்காரம்மா காட்டுனாங்க. லீவு அன்னைக்குத்தான துவைக்க முடியுது."

வீட்டுக்காரம்மாவே வந்துவிட்டார். "இன்னா சார், நட்டுட்டுப் போனவங்க தலையே காட்டல. சும்மா நின்னுகினு கீதேன்னு ரூமுக்கு வர்ற எல்லாருக்கும் நான்தான் குடுத்தேன்."

ஆக, ஞாயிறுதோறும் நாங்கள் அளந்தது பூமியை அல்ல, துவைத்த பேண்டை. கோபம் போய்ச் சிரிப்பு பீறிட்டது.

ஒரகடம் போய் நைலான் கயிறு வாங்கிவந்து தள்ளிக் கட்டினேன். துணிகளை நானே எடுத்து மாற்றினேன். வீட்டுக்காரம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். அன்று செயற்கைக்கோள் எடுத்த எண் மதியத்துக்கு மேல் போனில் வந்தது. தரையின் எண்ணோடு அப்படியே பொருந்தியது.

"ஜெயிச்சிட்டோம்!" என்று குதித்தேன்.

"எதுலண்ணே?" என்றார் தூத்துக்குடிக்காரர், அவரும் சிரித்துக்கொண்டே.

இந்த ஊர் வருடாவருடம் சூடேறிக்கொண்டே போகிறது என்று என் பதிவு சொல்வது நிஜம்தான் என்பதில். அதை விழுங்கிவிட்டு, இன்னொரு தம்ளர் மோர் கேட்டேன்.