வெயிலில் கழுவிய ஹீட்டர்

என் கணவரின் அண்ணன் முப்பது வருஷம் பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், மனைவியோடு புதுச்சேரிக்கே திரும்பி எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியேறினார். இந்த ஊரில் எதெல்லாம் சரியில்லை என்று முதல் வாரத்திலேயே சொல்லி முடித்துவிட்டார் என்று நினைத்தேன். அது வெறும் முன்னுரை. ரொட்டி சரியில்லை, தபால்காரர் மணி அடிக்கும் விதம் சரியில்லை, கடற்கரைச் சாலையில் வாக்கிங் போகிறவர்கள் கைவீசுவதுகூடச் சரியில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிற எனக்கு இவர் ஒரு கூடுதல் வகுப்பு.

அந்த மார்கழியில் வெந்நீர் குறைந்துபோனது. எங்கள் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. அந்த ஒரே தொட்டியிலிருந்துதான் நான்கு குளியலறைகளுக்கும் குழாய் போகிறது. போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஐந்து வருஷமாக அது உள்ளேயே படிந்து படிந்து, குழாயைத் திறந்தால் வெந்நீர் நூல்போல ஒழுகியது. ஹீட்டர் மாட்டிய மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். கணவரின் அண்ணன் சிரித்தார்.

"ஆள் எதுக்கும்மா? அங்க வீட்டுக்கு வீடு ஷொஃபாஜ். வருஷா வருஷம் ரேடியேட்டர் தண்ணிய வடிச்சு, கறுப்புச் சேறெல்லாம் போற வரைக்கும் கழுவி வுடணும். நான் பண்ணாததா?"

ஷொஃபாஜ் என்பது குளிருக்காக வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு. ஒரு பாய்லரில் காய்ந்த தண்ணீர், அறைக்கு அறை சுவரோரம் இருக்கும் இரும்புப் பட்டைகளுக்குள் ஓடும். சேறு சேர்ந்தால் பட்டையின் மேல்பாதி சுடும், கீழ்பாதி சில்லென்று கிடக்கும். இதையெல்லாம் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கினார். விளக்கம் நன்றாகவே இருந்தது. என் கணவர் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். அண்ணன் பேசும்போது அவருக்குக் கழுத்து மட்டும்தான் வேலை செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை சவரம், காபி, பேப்பர் எல்லாம் முடித்து அண்ணன் கையுறையோடு மேலே வந்தபோது மணி பதினொன்றரை. வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் இதைச் செய்யவேண்டும் என்று ஹீட்டரை மாட்டும்போதே மெக்கானிக் சொல்லியிருந்தார். வெயிலில் வெறுமையாகக் காய்ந்த ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களுக்குள் பச்சைத் தண்ணீர் போனால் விரிசல் விடும். குறைந்தபட்சம் அந்தக் குழாய்கள்மேல் ஒரு போர்வையாவது போர்த்தச் சொன்னேன்.

"நீ தமிழ் டீச்சர்தானம்மா. இது இலக்கணம் இல்ல," என்றார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் பக்கெட்டோடு நின்ற என் கணவர், பக்கெட்டின் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அண்ணன் தொட்டியை வடித்தார். குழாய்களை ஒவ்வொன்றாக உருவிக் கவிழ்த்தார். வெள்ளை வெள்ளையாக உப்புச் சில்லுகள் கொட்டின, பின்னால் செம்பழுப்பாகத் தண்ணீர். புதையல் எடுத்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலிக் குழாய்களைத் திரும்ப மாட்டிவிட்டு, நிழலில் உட்கார்ந்து அரைமணி நேரம் லியோன் நகரத்துப் பனியைப் பற்றிப் பேசினார். பிறகு எழுந்துபோய்த் தண்ணீரைத் திறந்தார்.

முதலில் டியூப்லைட் விழுந்து உடைவது போல ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. ஆறு குழாய்கள் வரிசையாகப் போயின. காய வைத்திருந்த மிளகாயை அடித்துக்கொண்டு தண்ணீர் ஓடியது. எந்த வால்வை மூடுவதென்று தெரியாமல் அவர் கையுறைக் கைகளை விரித்தபடி நின்றார். நான் போய் மூடினேன்.

சத்தம் கேட்டு அவர் மனைவி மேலே வந்தார். கண்ணாடித் துண்டுகளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க இவரு எங்க கழுவனாரு? சர்வீஸ் ஆளு வருவான். ஷூவோட உள்ள வராதன்னு இவரு அவங்கிட்ட சண்ட போடுவாரு. அவ்ளோதான்."

அண்ணன் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கலாம். எனக்கு வரவில்லை. முப்பது வருஷம் வேறொருவன் சேற்றில் கையை விட்டதை வேடிக்கை பார்த்துவிட்டு, அதைத் தன் தொழிலாக எங்களுக்குக் காட்டிய மனிதர் அவர்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் காலை ஆறு மணிக்கே வந்தார். புதுக் குழாய்களை மாட்டி, உப்பைக் கரைக்கும் திரவத்தை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தெளிவாக வரும்வரை மூன்று தடவை கழுவினார். குளியலறைக் குழாய் வாய்களையும் கழற்றி உப்பைத் தட்டி எடுத்தார். இதற்கெல்லாம் அவர் அதிகம் பேசவில்லை. அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

அடுத்த வாரம் நான் மாடியில் துணி உலர்த்தும்போது கீழே அவர் குரல் கேட்டது. தன் கையால் கழுவிவிட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் பீறிட்டு வருவதாகப் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தம்மா ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருப்பவர். தன் வீட்டு ஹீட்டரையும் கொஞ்சம் பார்க்கமுடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இவர் ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலமே நான் அந்தம்மா வீட்டுக்குப் போய், மெக்கானிக்கின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.