ஒரே பெயருக்கு இரு விளக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

வாகரைக் கரையில் வாழும் நான் கணினியை எவரிடமும் பயிலாது, தட்டித் தட்டியே கற்றவன். ஆழிப்பேரலை நாளில் கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் மணலில் நின்று வாசிப்பது எங்கள் வழக்கம். ஒரு பெயர் வாசிக்கப்படும்போது அவ்வீட்டார் ஒரு விளக்கு ஏற்றுவர்.

சென்ற ஆண்டு அப்பெயர்களைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கோயிலிலும் தேவாலயத்திலும் எழுதி வைத்திருந்தவற்றை ஒன்றாகத் தட்டெழுதினேன். பல பெயர்கள் இரண்டிலும் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் வைக்க எண்ணி, வரிகளை அகரவரிசையில் அடுக்கி, ‘யுனிக்’ என்னும் கணினிக் கட்டளையோடு ‘யூ’ என்ற தெரிவையும் சேர்த்தேன். மிகுதியை நீக்கி ஒன்றை அது விட்டுவைக்கும் என்று நம்பினேன். அதுவோ, மீண்டும் வந்த பெயர்களை அடியோடு அகற்றி, ஒருமுறையே வந்தவற்றை மட்டும் தந்தது. பலரும் மறவாது எழுதிவைத்தவர்களே காணாமற் போயினர்.

ஒத்திகையில் அதை வாசித்தபோது தோணிக்காரர் ஒருவர், “என்னண்ணன், ஊருக்கே தெரிஞ்ச ஆக்கள உங்கட பெட்டிக்கு மட்டும் தெரியாதாம்” என்றார்.

அத்தெரிவை எடுத்துவிட்டு மீண்டும் இயக்கினேன். எல்லாப் பெயர்களும் ஒவ்வொரு முறை வந்தன. மனநிறைவோடு மறுபடியும் வாசித்தேன். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து வந்தாள். தந்தையையும் மகனையும் ஒரே நாளில் இழந்தவள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கப்படி இருவருக்கும் ஒரே பெயர். எங்கள் பதிவுகளில் தலைப்பெழுத்துகளும் இல்லை.

“ஒரு தரம்தானே வாசிச்சீங்க, அண்ணன். விளக்கு ஆருக்கு? அப்பாவுக்கா, என்ட பிள்ளைக்கா?”

“ஒரே பேர் எண்டபடியா ஒராள் எண்டு எடுத்திட்டுது, தங்கச்சி.”

“ரெண்டு தரம் வாசிச்சா ஆருக்கென்ன குறை? அவன்ட பேரச் சொல்லிக் கூப்பிடுறது வருசத்தில அண்டைக்கு மட்டும்தான்.”



நினைவு நாளில், எந்தக் கட்டளையும் தொடாத முழுத் தொகுப்பையே வாசித்தேன். நேரம் நீண்டது, வெயிலும் ஏறியது. எவரும் முகஞ்சுளிக்கவில்லை. அப்பெண் முதல் அழைப்பில் தந்தைக்கு ஏற்றினாள், அடுத்ததில் மகனுக்கு. அதன் பின்னும் அப்பெயர் வந்தபோது கைகூப்பி நின்றாள்.

அத்தொகுப்பை இத்துடன் இணைத்துள்ளேன். ஒரே பெயர் அதில் பலமுறை வரும். ஒரு வரியையும் குறைக்காது, இக்குறிப்போடு சேர்த்து உங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.