கிளெனிஸ் கட்டிய கப்பி

மோட்டுவேக்கா என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற கிளெனிஸ் ஹாடோவுக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சுவதில் கொள்ளைப் பிரியம். பீர் காய்ச்சும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேரைப் போல அவளும் ஒரு மின்சாரப் பானை வைத்திருந்தாள். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊற வைப்பது, அந்தச் சாற்றில் கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பது எல்லாம் அந்த ஒரே பானையில் நடந்துவிடும். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. பார்லி ஊறியதும் அது இருக்கும் உள்கூடையை அப்படியே மேலே தூக்கி, சாறு வடியும்படி விளிம்பில் நிறுத்த வேண்டும். ஈரப் பார்லி ஓர் ஆட்டுக்குட்டியின் கனம் இருக்கும். அதுவும் ஆவி பறக்கும் சூட்டில்.

வலது தோளில் அறுவைச் சிகிச்சை ஆனபின் அவளால் அதைத் தூக்க முடியவில்லை. கணவன் நோயல் தூக்கிக் கொடுத்தான். கூப்பிட்டால் கிரிக்கெட்டில் இந்த ஓவர் முடியட்டும் என்பான். ஓவர் முடிவதற்குள் விக்கெட் விழும், அப்புறம் அதை மறுபடி காட்டுவார்கள். அவளுக்கு அலுத்துப்போயிற்று. பானையை விற்றுவிடலாமே என்று அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

“அவ்ளோ பெரிய பஸ்ஸ ஓட்டுறேன். ஒரு கூடையத் தூக்க எனக்கு வழி தெரியாதா?” என்றாள்.

படகை டிரெய்லரில் இழுத்து ஏற்றும், கைப்பிடியைச் சுற்றினால் கயிறு சுருளும் கைவிஞ்ச் ஒன்று கராஜில் கிடந்தது. அதைச் சுவரில் பொருத்தி, உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிற்றைக் கோத்தாள். முதலில் பச்சைத் தண்ணீரில் பழைய பார்லியை ஊற வைத்துத் தூக்கிப் பார்த்தாள். ஒரே கொக்கியில் தொங்கிய கூடை சாய்ந்து, வேடிக்கை பார்க்க வந்த நோயலின் காலில் மொத்தத்தையும் கொட்டியது. மறுநாள் கொக்கியை மூன்றாக்கினாள். கூடை ஆடாமல் நேராக ஏறியது.

அடுத்து, உயரமான மேசையிலிருந்த பானையைத் தாழ்வான பலகைக்கு இறக்கினாள். எட்டிப் பார்க்க வசதிதான். ஆனால் குழாய் தாழ்ந்துவிட்டதால் சாறு புளிக்க வைக்கும் தொட்டிக்குள் இறங்கவில்லை. பானையிலேயே ஒரு பம்ப் இருந்தது. அதன் வாயில் நீளமான குழாயை மாட்டிவிட்டாள். ஆறிய சாறு தானாக மேலேறித் தொட்டியில் விழுந்தது. நோயல் அன்று முழு ஆட்டத்தையும் நிம்மதியாகப் பார்த்தான்.

அந்த வாரம்தான் வாரிக் தன் பானையை விற்கப்போவதாகக் கூட்டத்தில் சொன்னான். முன்பு ஆட்டு ரோமம் கத்தரித்தவன். பண்ணை வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து சக்கர நாற்காலிதான். அவன் காய்ச்சும் கறுப்பு பீர் எங்களுக்கெல்லாம் உயிர். சனிக்கிழமை கிளெனிஸ் துளைபோடும் எந்திரத்தோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“பாவம் பாத்து வந்தியா?” என்றான் அவன்.

“உன்னப் பாத்தா பாவமாவா இருக்கு? நீ விட்டுட்டா அந்தக் கறுப்பு பீருக்கு நாங்க எங்கப்பா போறது? தள்ளு, சுவரப் பாக்கணும்.”

அவனுடைய சிக்கல் வேறு. பானையைத் தரையிலேயே வைத்தால்தான் நாற்காலியிலிருந்து உள்ளே பார்க்க முடியும். ஆனால் கொதிக்கிற சாறு பொங்கினால் அவன் மடியிலேயே தெறிக்கும். தள்ளி இருந்தே கொதி கண்ணுக்குத் தெரியட்டும் என்று பானைக்கு மேல் சாய்வாக ஒரு கண்ணாடி மாட்டிப் பார்த்தாள். ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துப்போனது. இருவரும் சிரித்தார்கள். கடைசியில் பானையைச் சுற்றித் தகரத்தில் ஒரு தடுப்பு அடித்தாள். இங்கும் ஒரு விஞ்சும் கப்பியும் மாட்டி, அதன் கைப்பிடியைப் பானையிலிருந்து தள்ளிச் சுவரில், அவன் கை எட்டும் உயரத்தில் வைத்தாள்.

முதல்முறை காய்ச்சியபோது நாங்கள் நாலைந்து பேர் போயிருந்தோம். யாரும் கிட்ட வரக் கூடாது என்று வாரிக் சொல்லிவிட்டான். அவன் கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கூடை மெல்ல எழுந்து, சாறு சலசலவென்று வடிந்தது.

குளிர்காலப் போட்டியில் அவனுடைய பீர் முதலிடம் பெற்றது. கிளெனிஸுடையது இரண்டாவது.

“அடுத்த வருஷம் உனக்கு நான் ஒண்ணும் மாட்டித் தர மாட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே அவன் ஜாடியிலிருந்து தன் கோப்பையை மறுபடி நிரப்பிக்கொண்டாள்.