டெப்பட் கவரும் உம்மாவின் ஒவனும்

தண்ணீரில் நனைத்த சேண்ட் பேப்பர் இரும்பின் மேல் போய்வரும் சத்தம், அரிசி களையும் சத்தத்துக்கும் சீலை கிழியும் சத்தத்துக்கும் நடுவில் ஒன்றாக இருக்கும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வறண்ட காற்று வீசும் ஒரு கச்சான் காலம் முழுக்க, பின்னேரக் குர்ஆன் ஓதலுக்குப் போய்விட்டு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அந்தச் சத்தம் வீட்டு வாசலிலிருந்து கேட்கத் தொடங்கிவிடும். கேட்டால் வாப்பா கந்தோர் விட்டு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

வாப்பா நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவரின் வளவில், கடற்காற்று நேரே வந்து அடிக்கும் மூலையில், வருடக்கணக்காக ஓடாமல் நின்ற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றை அந்த வருடம்தான் அவர் வாங்கினார். முதுகு உருண்டு இருந்ததால் ஒழுங்கைப் பிள்ளைகள் அதற்கு “ஆமைக் கார்” என்று பெயர் வைத்தார்கள். எஞ்சினின் உள்வேலையைக் கல்முனையில் கராஜ் வைத்திருந்த செல்வம் பாஸ் பொறுப்பெடுத்தார். ஆனால் வெளியில் கழற்றக்கூடிய பாகங்களைத் துருக்கறள் எடுத்துப் பெயின்ட் அடிக்கும் வேலையை மட்டும் வாப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காற்றாடி, அதைச் சுற்றவைக்கும் “புலி” என்ற பட்டிச் சக்கரம், காற்று வடிகட்டியின் தகரப் பெட்டி, எஞ்சினின் தலையைத் தொப்பி போல மூடும் நீளமான “டெப்பட் கவர்” என்று ஒவ்வொன்றாகச் சைக்கிள் கரியரில் சாக்குச் சுற்றிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கந்தோரில் நாள் முழுக்கக் கடுதாசி பார்த்த மனிதர் வாசற்படியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் ஊறிய இரும்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சேண்ட் பேப்பரால் இழைத்து, வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியில் ஊத்தை படாத வரைக்கும் திரும்பத் திரும்பத் தேய்ப்பார். பெயின்ட் அடித்து முடித்த பிறகு தூரிகையின் ஒரு மயிர் அதில் ஒட்டியிருந்தாலும் போச்சு. முழுவதையும் உரசி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். என்னைவிட நாலு வயது மூத்த ராத்தா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “பொனட்டுக்குள்ள கிடக்கிறத ஆரு வாப்பா பாக்கப் போறா?” என்று கேட்டா.

“தொறக்கிறவன் பாப்பான். தொறக்காட்டி அல்லாஹ் பாப்பான்” என்றார் வாப்பா.

போகப்போக வீடு நிறைந்தது. யன்னல் கட்டுகளில் ஆணிகளும் நட்டுகளும் வரிசையாகக் காய்ந்தன. உட்காரும் மர வாங்கின் கீழே பழைய பேப்பரில் காற்றாடி படுத்திருந்தது. பக்கத்து வீட்டில் போய் “எங்கட ஊட்டுல ஒரு புலி இரிக்கி, வாப்பா அதுக்குப் பச்சப் பெயின்ட் அடிக்கிறார்” என்று நான் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்ததைக் கேட்டு உம்மா பதறிப்போய், “சண்ட நடக்கிற இந்தக் காலத்துல வெளிய போய் அப்புடிக் கதைக்காதங்க மகள், சக்கரம் எண்டு சொல்லுங்க” என்று என் வாயைப் பொத்தினார். மற்றபடி உம்மா அந்தச் சாமான்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டும்போது அவற்றைச் சுற்றிக் கூட்டினார்.

உம்மாவுக்கு அவருடைய வேலை இருந்தது. கலியாண வீடுகளுக்குப் பட்டர் கேக் அடித்துக் கொடுப்பார். குசினியில் கேஸ் அடுப்போடு சேர்ந்த ஒவன் ஒன்று, மாமா சவூதியிலிருந்து அனுப்பியது, எப்போதும் துடைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து இருக்கும். அதன் கதவை எங்களில் யாரும் தொட அனுமதி இல்லை.

வாப்பா அதைத் தொட்டார். வெளிநாட்டில் கராஜ் ஒன்றில் வேலை செய்துவிட்டு வந்த கூட்டாளி ஒருவர், எஞ்சின் பெயின்டைச் சூட்டில் வாட்டினால்தான் அது பிறகு சூட்டுக்கு உரியாது என்று சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மாவும் ராத்தாவும் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்த நேரம், வாப்பா பச்சை பூசிய டெப்பட் கவரை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு குசினிக்குள் போனார். வாசலில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்து, “ஒரே ஒரு தரம்தான் மகள். உம்மாக்கிட்ட சொல்லப்படாது, என்ன?” என்றார். நான் “ஓம்” என்றேன். அவர் என்னோடு ஒரு இரகசியம் வைத்துக்கொண்டார் என்பதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு அவர் ஒவனைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய் வெட்டி உள்ளே வைத்து, யன்னலைத் திறந்துவிட்டு, பூப்போட்ட துணியை முன்பு இருந்த மடிப்பிலேயே விரித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. உம்மா, விரும்பியவர்கள் பிடிக்கும் சுன்னத்தான நோன்பு பிடித்திருந்தார். அன்றுதான் ஒரு பெரிய கலியாண வீட்டுக்கு மூன்று கேக் வேக வைத்தார். நோன்பு என்பதால் ருசி பார்க்கவில்லை. மணத்தையாவது பிடித்திருக்கலாம் என்றால், கிழமைக்கணக்காகப் பெயின்டும் தின்னரும் மணந்துகொண்டிருந்த வீட்டில் எங்கள் நாலு பேரின் மூக்கும் எப்போதோ மரத்துப்போயிருந்தன.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கலியாண வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் நோகடிக்கக்கூடாது என்பது போல மெதுவாக, “உங்கட கைக்கு இப்புடி வராதேகா… பிள்ளைகள் வாயில வெச்சிட்டுத் துப்பிட்டாங்க” என்றார். உம்மா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அந்தப் பெண் போகும்வரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாசல் வரை கூடப்போய் அனுப்பிவிட்டு வந்து, ஒவனின் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார்.

வாப்பா வாசலில் தேய்த்துக்கொண்டிருந்தார். “நான்தான் புள்ள. ஒரு தரம்தான்…” என்று எழுந்தார்.

உம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது. “இது என்ட ஊடு” என்றார். “இதக் கராஜாக்க ஒங்களுக்கு ஆரு சொன்ன?”

எங்கள் பக்கத்தில் கலியாணத்தின்போது பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். வாப்பா சம்மாந்துறையில் பிறந்து, உம்மாவைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவர். ஊரில் எல்லா வீடும் அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும்; அதனாலேயே எந்த மனைவியும் அதைப் புருஷனின் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொன்ன பிறகு உம்மாவும் திகைத்துப்போய் நின்றதை நான் கண்டேன். வாப்பா கையில் இருந்த சேண்ட் பேப்பரைப் படியில் வைத்தார். கை கழுவினார். சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். என்னைத் தாண்டிப் போகும்போது தலையைத் தடவினார். அவர் சம்மாந்துறைக்கு, தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று மறுநாள்தான் தெரிந்தது.

கந்தோருக்கு அங்கிருந்தே போய்வந்தார். வீட்டுக்கு வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். உம்மா சமைத்தார், தொழுதார், எங்கள் தலைக்கு எண்ணெய் வைத்தார். ஒவனை மட்டும் தொடவில்லை. இரவில் ராத்தா என் காதுக்குள், “அந்தச் சாமானையெல்லாம் உம்மா பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுக்கப் போறா, அதுக்குப் பிறகு வாப்பா வரவே மாட்டார்” என்றா. நான் விடியும்வரை காற்றாடியை எங்கே ஒளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

சனிக்கிழமை இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். உம்மா உண்மையாகவே அவரைக் கூப்பிட்டார். ஆனால் உம்மா கொண்டுவந்து போட்டது ஓட்டை விழுந்த இரண்டு சட்டிகளை. இரும்புக்காரர் வாங்கின் கீழே குனிந்து பார்த்து, “அதையும் தாங்களன் தங்கச்சி” என்று கேட்க, “அது அவர்ர சாமான்” என்றார் உம்மா. “குடுக்கிறதுக்கில்ல.”

அன்று மத்தியானம் உம்மா வாங்கின் கீழிருந்து காற்றாடியை வெளியே இழுத்தார். வாப்பா பளபளவென்று தேய்த்து, பெயின்ட் பூசாமல் விட்டுப்போன இரும்பில், கடற்காற்று பட்டு, மஞ்சள் தூள் தூவினது போலக் கறள் பூத்திருந்தது. உம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். வாப்பா உட்காரும் அதே படியில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கனநேரம் கழித்து, “நான் கண்ட, உம்மா. வாப்பா ஒவனுக்குள்ள வெக்கக்குள்ள நானும் நிண்ட” என்றேன்.

“தெரியும்” என்றார் உம்மா, தேய்ப்பதை நிறுத்தாமல். “வாப்பாவும் நீயும் என்ட மூஞ்சப் பாக்காம ரெண்டு நாள் திரிஞ்சீங்கதானே. எனக்குத்தான் அது என்னெண்டு வெளங்கல.” பிறகு ஈரத் துணியை என் கையில் தந்து, “தொடச்சி வை” என்றார்.

வாப்பா அவசரத்தில் மூடாமல் விட்டுப்போன பச்சைப் பெயின்ட் தகரத்துக்குள்ளேயே காய்ந்து தோலாகியிருந்தது. ஒவனுக்குள் வாட்டிய டெப்பட் கவரிலும் ஒரு பக்கம் கொப்பளித்திருந்ததால் உம்மா அதையும் உரசி எடுத்தார். தகரத்தின் மூடியைக் கொடுத்து, இதே நிறத்தில் வாங்கி வரச்சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு யன்னலுக்கு அடிக்கும் பெயின்டில் கிட்டத்தட்ட ஒன்றைத் தந்தார்; அடித்த பிறகு பார்த்தால் அது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. உம்மா பொருட்படுத்தவில்லை. மாவை மட்டப்படுத்தும் அதே நிதானத்தோடு ஒரே பக்கமாகத் தூரிகையை இழுத்தார். எல்லாவற்றையும் முற்றத்தில் பலகை போட்டு அடுக்கி, ஈயும் தூசியும் விழாமல் சோற்றை மூடும் வலைக்கூடைகளால் மூடினார். “இந்த வெயிலுக்குக் கருவாடே காயுது, இது காயாதா?” என்றார். டெப்பட் கவரில் மேடாக நின்ற இங்கிலீஷ் எழுத்துகளுக்கு, கேக்கில் பெயர் எழுதுவதற்கென்று வைத்திருந்த மெல்லிய தூரிகையால் வெள்ளை தீட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டினார்.

செல்வம் பாஸ் புதன்கிழமை வந்தார். எஞ்சின் பூட்டத் தயார், சாமான் எங்கே என்று கேட்டு வந்தவர், முற்றத்துப் பலகைக்கு முன்னால் குனிந்து பார்த்தார். “ஆர் அக்கா அடிச்சது?” என்றார். உம்மா உள்ளே போய்விட்டார். “உம்மா” என்று நான் சொன்னேன். இப்போது கொண்டுபோகவில்லை, பிறகு வருகிறேன் என்று அவர் போய்விட்டார். நேரே வாப்பாவின் கந்தோருக்குத்தான் போயிருக்கிறார்.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வேலிக் கடப்புக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று, வேறு வீட்டுக்கு வந்தவர் போல, வாப்பா வெளியே நின்று ஸலாம் சொன்னார். உம்மா குசினியிலிருந்து பதில் சொன்னார். வாப்பா கடப்பைத் திறக்கவில்லை. நானும் ராத்தாவும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தோம். கடைசியில் உம்மா, “அங்க நிண்டு ஸலாம் சொல்றத்துக்கு நீங்க என்ன விருந்தாளியா? காலக் கழுவிட்டு வாங்க, தேத்தண்ணி ஆறுது” என்றார்.

வாப்பா உள்ளே வந்து பலகைக்கு முன்னால் குந்தினார். டெப்பட் கவரை மடியில் வைத்துத் திருப்பினார். ஓரத்தில் தூரிகையின் மயிர் ஒன்று பெயின்டுக்குள் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதன் மேல் அவருடைய நகம் போனதை நான் பார்த்தேன். இனிக் கிள்ளி எடுப்பார், உரசுவார் என்று நினைத்தேன். அவர் நகத்தை எடுத்துவிட்டு, “நல்லாரிக்கி” என்றார்.

கார் ஓடிய முதல் நாள் எல்லாரும் திருக்கோவில் வரைக்கும் போனோம். நிந்தவூரைத் தாண்டும்போது எஞ்சின் சூடேறி, யன்னல் பெயின்டின் நெடி உள்ளே நிறைந்து, எங்களுக்குக் கண் எரிந்தது. வாப்பா பயந்துபோய் உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “உங்கட கேக் இப்பதான் வேகுது” என்றார். வாப்பா காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தக் கலியாண வீட்டார் அதன் பிறகு ஒருபோதும் உம்மாவிடம் கேக் கேட்கவில்லை. அது உம்மாவுக்கு இன்றுவரை மனவருத்தம்தான்.

வாப்பா மௌத்தாகி ஆறு வருடமாகிறது. காரை அதற்கு முன்பே ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். கராஜ் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டாயிற்று. என் காரின் பொனட்டைத் திறந்தால் எஞ்சினே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி கிடக்கிறது.

போன நோன்பில் ஒருநாள், நோன்பு திறக்கக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமும் கேட்காத ஒன்றை உம்மாவிடம் கேட்டேன்: “அண்டைக்கு வாப்பா வராமலே இருந்திரிந்தா என்னும்மா செஞ்சிரிப்பீங்க?”

“சம்மாந்துறைக்குப் போயிரிப்பன், வேறென்ன” என்றார் உம்மா, யோசிக்காமலே. “பஸ் நேரமெல்லாம் விசாரிச்சி வெச்ச. வெள்ளிக்கிழம காலம்புற ஏழே காலுக்கு ஒண்டு இரிந்த. சாறியும் எடுத்து மடிச்சி வெச்சிட்டன்.” கஞ்சியை ஒருமுறை கிண்டிவிட்டு, கொஞ்சம் குறைபடுவது போலச் சொன்னார்: “அவர் வியாழக்கிழமயே வந்திட்டார்.”