கல்யாணப் பந்தலில் ஒரு கனடாப் பையன்

1944 பிப்ரவரி பதினாறாம் தேதி, புதன்கிழமை. விடியற்காலையில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்துக் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். கம்பஞ்சோறும் மோரும் சாப்பிட்டேன். அப்போது நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மறுநாள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் என்பதால் விடுப்புச் சொல்லிவிட்டு, மல்லசமுத்திரத்திலிருந்து வந்த வாழைமரங்களைப் பந்தலில் கட்டிக்கொண்டிருந்தேன். தங்கைக்கு இது இரண்டாவது முறை குறித்த முகூர்த்தம். முதலில் பேசிய மாப்பிள்ளை அம்மையில் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் ராசியைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு. இந்த இடமும் தட்டிப்போனால் இனி யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று சித்தப்பா பயந்துகொண்டே இருந்தார்.

உச்சிப்பொழுதுக்கு முன் விமானம் விழுந்தது. ஊர் எல்லைக்கு வெளியே, சித்தப்பாவின் அறுத்த சோளக்காட்டில். நாங்கள் ஓடிப்போனபோது அது எரிந்துகொண்டிருந்தது. அதை ஓட்டி வந்தவன் எப்படியோ ஊர்ந்து வெளியே வந்து கிடந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத வெள்ளைக்காரப் பையன். இடுப்புக்குக் கீழே பார்க்கும்படியாக இல்லை. போலீசுக்குத் தகவல் சொல்லச் சைக்கிளில் ஓர் ஆளைத் திருச்செங்கோட்டுக்கு அனுப்பினோம்.

எங்கள் பக்கத்தில், எல்லைக்கு வெளியே நேர்ந்த சாவு ஊர்ச் சாவு ஆகாது. அன்று காலையே தம் ஆட்களோடு வண்டிகளில் வந்து இறங்கியிருந்த மாப்பிள்ளையின் அப்பா அதைத்தான் நினைவூட்டினார். "ஏனுங்க சம்மந்தி, இந்த வேப்பமரத்தடியிலயே கெடக்கட்டுமுங்க. கல்யாணத்த வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள சாவ வெலைக்கு வாங்கோணுமா?"

பையன் கண் திறந்து, பக்கத்தில் நின்ற வண்டிமாட்டைப் பார்த்தான். அதன் கழுத்தில் நுகத்தடி உராய்ந்த புண்ணுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டான். சித்தப்பாவிடம் சொன்னேன்.

"பண்ணையம் பண்றவன் ஊட்டுப் பையன்டா இவன்," என்றார் சித்தப்பா. "தூக்கி வண்டியில போடுங்க."

நிழலும் கட்டிலும் இருந்த இடம் கல்யாணப் பந்தல்தான். அங்கே படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்டேன். தான் இங்கிலீஷ்காரன் இல்லை, கனடா என்றான். அப்பாவுக்குக் கோதுமைக் காடு. ஏர் ஓட்டக் குதிரைகள். குளிர்காலத்தில் கதவை மறைக்கும் அளவுக்குப் பனி விழுமாம். அம்மா சிறு வயதிலேயே இறந்துபோக, வளர்த்தது அக்கா. வானத்தில் பறந்தால் போதும் என்று பட்டாளத்தில் சேர்ந்தவன். இங்கே யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான். அக்கா கல்யாணத்துக்குத் தனக்கு லீவு தரவில்லை என்றான். கேட்டதையெல்லாம் பெண்களுக்குத் தமிழில் சொன்னேன். தங்கையும் நிலைப்படியில் நின்று கேட்டாள்.

வெயில் சாயும்போது அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சம்மந்தி சித்தப்பாவைத் தனியே அழைத்தார். "செரி, கொண்டாந்தது கொண்டாந்தாச்சு. ஆரும் பால் மட்டும் ஊத்தீராதீங்க. பால் ஊத்தினாத்தான் ஒறவு, ஒறவுன்னாத்தான் தீட்டு. பொணத்த எடுத்ததும் தாலி கட்டிக்கலாமுங்க." அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த நிலையில் அதைவிட யாரும் விட்டுக்கொடுத்திருக்க முடியாது. சித்தப்பா தலையாட்டினார்.

தங்கை உள்ளேயிருந்து டம்ளரில் பாலோடு வந்தாள். கையில் கல்யாணக் காப்பு.

"வேண்டாஞ் சாமி," என்றார் சித்தப்பா.

"அவுங்கக்கா இங்க இல்லீங்களேப்பா. வேற ஆரு ஊத்தறது?"

ஊற்றினாள். ஒரு மடக்கு உள்ளே போனது. அதன்பின் ஒன்றுமில்லை.

விளக்கு வைப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் கிளம்பிவிட்டன. மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடியே ஏறி உட்கார்ந்தார். "வெள்ளக்காரனுக்கு அக்காளாயிட்டா. இனிக் கப்பல்லதான் மாப்பிள்ள வரோணும்," என்றாள் எங்கள் பெரியம்மா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. தங்கையைச் சில வருஷங்கள் கழித்து இரண்டாந்தாரமாகத்தான் கொடுத்தோம். அவள் அந்த நாளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனை எடுத்துப்போக வந்த பட்டாள அதிகாரியிடம், கடைசியில் பால் ஊற்றியது யார் என்று சொன்னேன். அவர் ராத்திரி முழுக்க லாரியில் வந்த களைப்பில் தலையை மட்டும் அசைத்தார். அந்தச் சேதி கோதுமைக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. தலைக்கு மேல் விமானம் போனால் இப்போது நான் அண்ணாந்து பார்ப்பதில்லை, அலுப்பாக இருக்கிறது.

அன்று பட்டாள லாரி பெரிய ரோட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வேலி அடைத்த எங்கள் வண்டித்தடத்தில் அது நுழையாது. பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, விடிந்ததும் முதல் வேலையாக அவனைக் கட்டிலோடு தூக்கினோம். தலைமாட்டைச் சித்தப்பா பிடித்தார். எல்லையில், வழக்கப்படி, பெண்கள் நின்றுகொண்டார்கள். தங்கை மட்டும் லாரி வரைக்கும் வந்தாள். பந்தலைப் பிரித்தது அதற்கப்புறம்தான்.